ஆளில்லாத கரை: விடுதி என்னும் பிரதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

சூலக்கரையில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடையில் ஒரு காலண்டர் தொங்குகிறது. சிவகாசியில் அச்சானது. வருசப் பிறப்புக்கு ஏதோ ஒரு இரும்புக்கடைக்காரர் கொடுத்தது. படம் எல்லோருக்கும் தெரிந்த படம்தான். கடலைப் பார்த்துச் சாய்ந்த ஒரு தென்னை, அதற்கடியில் ஓலை வேய்ந்த ஒரு குடில், காலடித் தடம் படாத மணல், கண்ணாடி மாதிரி தண்ணீர். ஆள் மட்டும் கிடையாது.

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் இல்லை. கந்தக பூமி என்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வேலிக்காத்தானும் கரிசலும். ஆனால் வருசா வருசம் ஆடிப்பெருக்கன்று சிவகாசி அச்சகங்கள் காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்கும்போது, சாமி படங்களுக்கும் குழந்தைப் படங்களுக்கும் அடுத்தபடியாக இந்த ஆளில்லாத கடற்கரை கட்டாயம் இருக்கும். கடலே இல்லாத ஊர் நாட்டுக்கெல்லாம் கடற்கரையை அச்சடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறது.

குல்லூர்சந்தை இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே ஈழ அகதிகள் முகாம் இருக்கிறது. 2021இல் தமிழக அரசு அதற்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர்தான் மாறியது, வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தியக் குடியுரிமை வரவில்லை. 2019ஆம் வருசத்துக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. அந்த முகாமிலிருந்து வேலைக்கு வந்துபோகிற அக்கா ஒருவர் ஒருநாள் அந்தக் காலண்டரை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, உந்தக் கரையில வலை ஒண்டும் காணேல்லை. வள்ளமும் இல்லை. ஆக்கள் எல்லாம் எங்க போட்டினம்?"

மயிலிட்டிக்காரர் அவர். யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கிற மீன்பிடி ஊர். படத்தைப் பார்த்த எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி அவருக்குத்தான் தோன்றியது. சுற்றுலா பற்றி நான் வாசித்த கோட்பாட்டு நூல்கள் எல்லாம் சுற்றி வளைத்து வந்து சேருகிற கேள்வியும் இதுவே. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான அடிக்குறிப்பு, அவ்வளவுதான்.

2

'ஒதுக்குப்புறமான, அமைதியான, தனிமை நிறைந்த சிறிய கடற்கரை விடுதி.' வெப்பமண்டலத் தீவுகளைப் பற்றிய எந்த விளம்பரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த மூன்று பெயரடைகளும் இருக்கும். மலைக்கு உயரம் எப்படியோ அப்படிக் கரைக்குத் தனிமை என்பதுபோல, தனிமை அந்த இடத்தின் இயற்கைக் குணமாக முன்வைக்கப்படுகிறது. நாம் இங்கேதான் நிற்க வேண்டும். கடற்கரை எந்தக் காலத்திலும் தனிமையான இடமாக இருந்ததில்லை. அது வேலைத்தலம். வலை காயும், கருவாடு காயும், வள்ளம் கவிழ்த்துத் தார் பூசப்படும். பெண்கள் கூடை வைத்து மீன் ஏலம் கூறுவார்கள். ஈழத்துக் கரைகளில் கரைவலை இழுக்கிறவர்களுக்குப் 'பாடு' என்று ஓர் ஏற்பாடு உண்டு. இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை இன்னார் வலை வளைக்கலாம் என்கிற கரைப்பங்கு அது. வெளியாளின் கண்ணுக்கு வெறும் மணலாகத் தெரிவது உண்மையில் அளந்து, பிரித்து, தலைமுறையாகக் கையாளப்பட்ட உற்பத்தி வெளி. மதியம் மூன்று மணிக்கு அங்கே ஆள் இல்லையென்றால் விடியற்காலையில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

ஆக, ஆளில்லாத கரை என்பது இயற்கை அல்ல, ஒரு சரக்கு. தீப்பெட்டி மாதிரி, மத்தாப்பு மாதிரி அதையும் உற்பத்தி செய்தாக வேண்டும். அதன் மூலப்பொருள் ஆட்களை அப்புறப்படுத்துதல்.

ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தன் 'மித்தாலஜீஸ்' நூலில் ஒரு பயணக் கையேட்டை எடுத்து வாசித்துக் காட்டியிருப்பார். அந்தக் கையேட்டில் மலைகளும் தேவாலயங்களும் இருக்கும், அந்த நாட்டின் மனிதர்கள் இருக்கமாட்டார்கள், இருந்தாலும் வகைமாதிரிகளாக மட்டுமே இருப்பார்கள் என்பது அவர் சொன்னது. ஆன்டிகுவாத் தீவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்ட் 1988இல் எழுதிய 'எ ஸ்மால் பிளேஸ்' என்கிற சின்னப் புத்தகம் அதைத் தலைகீழாக்குகிறது. அங்கே மறைக்கப்பட்ட உள்ளூர்க்காரி எழுந்து சுற்றுலாப் பயணியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். இருவரும் சொன்னதோடு எங்கள் பகுதி அனுபவத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஒரு பட்டாசு ஆலையின் வரைபடத்தைப் பாருங்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமான காடு. சின்னச் சின்னத் தனி அறைகள். அறைக்கும் அறைக்கும் விதிப்படி இடைவெளி. அறைக்கு இத்தனை பேர், நாலு பேருக்கு மேல் கூடாது என்று கணக்கு. நடுவே மரங்கள், மண்பாதை. பெயர்களை மறைத்துவிட்டு அதைக் கடற்கரைக் 'காட்டேஜ்' விடுதியின் வரைபடத்தோடு பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று சொல்வது சிரமம். இரண்டும் தனிமையைக் கட்டுகின்றன. ஒன்றில் வெளியே இருப்பவர்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காக உள்ளே இருப்பவர்கள் ஒதுக்கப்படுகிறார்கள். மற்றதில் உள்ளே இருப்பவர் இளைப்பாற வேண்டும் என்பதற்காக வெளியே இருப்பவர்கள் ஒதுக்கப்படுகிறார்கள். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் வெடித்தபோது முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த ஒதுக்குப்புறத்தை யாரும் காலண்டரில் போடுவதில்லை. 'ஒதுக்கம்' என்ற ஒரே சொல் ஒருவனுக்கு ஓய்வாகவும் இன்னொருவனுக்குத் தண்டனையாகவும் எப்படிப் பொருள்படுகிறது என்பதில்தான் வர்க்கம் இருக்கிறது.

3

இனி என் கதை. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, நானும் அப்படி ஒரு விடுதியில் தங்கியவன்தான்.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. கொஞ்ச நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. அதற்கப்புறம் நான் போனேன். காலையில் ஏறினால் மத்தியானம் இறங்கிவிடலாம். இதே கடலை அந்த அக்கா 1990இல் எதிர்த்திசையில் கடந்தார். இரவில், வள்ளத்தில், கைப்பிள்ளையோடு. இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து பஸ்ஸில் குல்லூர்சந்தை. என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது, டிக்கெட் இருந்தது, விடுதிக்கு முன்பணம் கட்டிய ரசீது இருந்தது.

விடுதியின் பெயர் வேண்டாம். வடகரையில் ஐந்தாறு அறைகள் கொண்ட சின்ன இடம். நல்ல மனுசர்கள், நல்ல சாப்பாடு. கணவாய்ப் பிரட்டலும் இடியப்பமும் இன்னும் நாக்கில் இருக்கிறது. அறைக்கு முன்னால் ஒரு வேப்பமரம், அதற்கப்பால் கடல். காலையில் எழுந்து பார்த்தால் கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும், முதல்நாள் எனக்கு அது சந்தோசமாகத்தான் இருந்தது. பஸ் இரைச்சல், வெடிச் சத்தம், இலக்கியச் சண்டை எதுவும் இல்லை. வரவேற்பு மேசையில் விருந்தினர் புத்தகம் ஒன்று கிடந்தது. பல நாட்டுக்காரர்கள் பல மொழிகளில் எழுதியிருந்தார்கள். எனக்குப் புரிந்த பக்கங்களில் எல்லாம் ஒரே சேதி: யாருமே இல்லை, சொர்க்கம்.

இரண்டாம் நாள் காலை கரையோரமாக நடந்தேன். கூரை இல்லாத சுவர்கள். சுவருக்குள்ளிருந்து மரம் முளைத்து வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தது. சிமெண்டு தரை, அதில் அம்மி இருந்த பள்ளம். கொஞ்ச தூரம் போனதும் முள்கம்பி. அதற்கப்பால் போகக் கூடாது என்றார் தெருவில் வந்த சைக்கிள்காரர். அப்போதுதான் டீக்கடைக் கேள்வி திரும்ப வந்தது. ஆக்கள் எல்லாம் எங்க போட்டினம்? ஆட்கள் எங்கே போனார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் ஒருவரோடு உட்கார்ந்து நான் டீ குடிக்கிறேன்.

வலிகாமம் வடக்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது பலாலி இராணுவத் தளத்தையும் காங்கேசன்துறையையும் சுற்றியிருந்த ஊர்கள் காலியாயின. பிறகு அந்தப் பகுதி 'அதியுயர் பாதுகாப்பு வலயம்' ஆனது. 2009இல் போர் முடிந்தது, வலயம் முடியவில்லை. 2013இல் 6,381 ஏக்கரைச் சட்டப்படி சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் வந்தது. உரிமையாளர்களை அடையாளம் காண முடியவில்லை என்பது அதில் சொல்லப்பட்ட காரணம். 'அடையாளம் காண முடியாத' அந்த உரிமையாளர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காணி உறுதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். 2015க்குப் பிறகு துண்டு துண்டாக நிலம் விடப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில், 27 வருசம் கழித்து, திரும்பக் கிடைத்தது. இன்னமும் ஒரு பகுதி விடுவிக்கப்படவில்லை.

இதில் நம் விசயத்துக்கு முக்கியமானது ஒன்று. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு வாசலைக்கூட எட்டிப் பார்க்க முடியாதிருந்த அந்த வலயத்துக்குள், காங்கேசன்துறைக் கரையில், இராணுவமே 'தல்செவன' என்ற பெயரில் ஒரு உல்லாச விடுதியைத் திறந்து நடத்தியது. காசு கட்டினால் தங்கலாம், கடலில் குளிக்கலாம். நிலத்துக்காரன் முகாமில், விருந்தாளி நிலத்தில். 'பாதுகாப்பு' என்ற சொல்லாடலுக்கும் 'ஓய்வு' என்ற சொல்லாடலுக்கும் இடையில் சுவர் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். இங்கே ஒரே வாசலில் ஒரே காவலாளி இரண்டுக்கும் நின்றான்.

இப்போது அந்த அறிவித்தலையும் சிவகாசிக் காலண்டரையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். 'உரிமையாளரைக் காணோம்' என்கிறது அரசின் பிரதி. 'ஆளில்லாத கரை' என்கிறது சுற்றுலாவின் பிரதி. இரண்டும் ஒரே வாக்கியம். முதலாவது இல்லாமல் இரண்டாவது சாத்தியமில்லை. இரண்டாவது வந்துவிட்டால் முதலாவது மறந்துபோகிறது.

4

இதை வெறும் இனப் பிரச்சினையாகச் சுருக்கிப் புரிந்துகொண்டு கைதட்டுகிற நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காக மூன்று சங்கதிகள்.

ஒன்று. கிழக்குக் கரையின் தென்கோடியில் பாணமை. அங்கே ராகம்வெல, சாஸ்திரவெல முதலான இடங்களில் சிங்கள விவசாயிகளும் மீனவர்களும் வாழ்ந்தார்கள். 2010 ஜூலையில் ஆயுதம் தாங்கிய கும்பல் வந்து ராகம்வெலவில் குடிசைகளைக் கொளுத்தியது. பிறகு அந்த நிலங்களில் கடற்படையும் விமானப்படையும் முகாமிட்டன. கடற்படையின் சுற்றுலா விடுதியும் வந்தது. மக்கள் வழக்குப் போட்டார்கள், போராடினார்கள். 2015 பிப்ரவரியில் 340 ஏக்கரைத் திருப்பித் தர அமைச்சரவை முடிவெடுத்தது. முடிவு காகிதத்தில் கிடந்தபோது அவர்களே உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அவர்களும் பௌத்தர்கள், அவர்களும் சிங்களவர்கள். கரைக்கு அது தேவைப்படவில்லை. ஆள் இல்லாமல் இருப்பதுதான் தேவைப்பட்டது. இராணுவம் மூலதனமாகவும் மாறுகிறபோது அது முதலில் தின்பது தமிழனை என்பது உண்மை. தமிழனோடு நின்றுவிடும் என்பது பொய்.

இரண்டு. 2004 சுனாமி. செத்தவர்களில் பெரும்பகுதி கரையோர மீனவர்கள். உடனே இலங்கையில் கரையிலிருந்து தெற்கில் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர் வரை வீடு கட்டக் கூடாது என்று 'இடைவலயம்' போடப்பட்டது. மக்களின் உயிர்மேல் அக்கறை என்றார்கள். சரி, நல்லது. ஆனால் ஓட்டல்களுக்கு அந்தத் தடை இல்லை. மீனவனின் குடிசையை அடிக்கிற அலை வெள்ளைக்காரனின் அறையை அடிக்காதா? அறுகம் குடாவில் மக்கள் இதைக் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். நவோமி க்ளைன் 2007இல் எழுதிய 'தி ஷாக் டாக்ட்ரின்' நூலில் இது பேசப்படுகிறது. பேரழிவு கரையைச் 'சுத்தம்' செய்து கொடுத்தது. சுத்தம் என்ற சொல்லையும் நாம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில், கடலுக்குள் ஒரு கோட்டை நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் டச்சுக்காரர் பிடித்தது. ஹம்மன்ஹீல் என்பது அவர்கள் வைத்த பெயர். தீவு முழுவதும் அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடை மாதிரி தெரிந்ததாம், இந்த இடம் அதன் குதிகால். ஒரு நாட்டையே இறைச்சித் துண்டாகப் பார்த்தவர்கள் பெயர் வைப்பதில் நேர்மையாகத்தான் இருந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அது சிறையாயிற்று. 1971 கிளர்ச்சிக்குப் பின் ஜே.வி.பி. இளைஞர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். போருக்குப் பிறகு கடற்படை அதை விடுதியாக்கியது. படகில் போக வேண்டும், சில அறைகள்தான், சுற்றிலும் தண்ணீர். எந்தத் தூரம் அதைச் சிறைக்குப் பொருத்தமாக்கியதோ அதே தூரம்தான் இப்போது விற்பனைக்கு வைக்கப்படுகிறது. ஃபூக்கோ சிறையையும் ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசினார். இங்கே அந்த வரிசையில் விடுதியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம், இங்கே கைதி வாடகை கொடுக்கிறான், சாவியும் அவனிடமே இருக்கிறது.

5

"அப்ப என்னதான்யா சொல்ல வர்ற? யாரும் எங்கயும் போகக்கூடாதா?" என்று ஊர் திரும்பியதும் ஒரு தோழர் கேட்டார். இல்லை. விடுதிக்குப் போவதைப் பாவம் என்று சொல்வது சுலபம். அந்த ஒழுக்கவாதம் எனக்கு உடன்பாடில்லை. நான் தங்கிய இடத்தில் சமைத்த பெண்ணும் அறை கூட்டிய பையனும் அந்த வருமானத்தில் வாழ்கிறார்கள். போரில் எல்லாம் இழந்த ஒரு கரையில் ஐந்தாறு அறைகள் கட்டி ஒருவர் பிழைப்பதும், துப்பாக்கி முனையில் காலியாக்கிய நிலத்தில் ஒரு படை விடுதி நடத்துவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு 'சுற்றுலா ஒழிக' என்பது வாசிப்புச் சோம்பேறித்தனம்.

எனக்கு உறுத்துவது வேறு. நம்முடைய பார்வை. இங்கிருந்து யாழ்ப்பாணம் போய்வந்து எழுதுகிற தமிழ்நாட்டு எழுத்தாளர்களின் பயணக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். காலண்டரின் தென்னைக்குப் பதிலாக ஒற்றைப் பனை, குடிலுக்குப் பதிலாகக் குண்டு துளைத்த சுவர். மண்ணை எடுத்து நெற்றியில் பூசுவது, கண் கலங்குவது, போட்டோ எடுப்பது, திரும்பிவருவது. அதிலும் ஆள் இல்லை. இருந்தாலும் தியாகியாகவோ அநாதையாகவோ, வகைமாதிரியாகத்தான் இருக்கிறார். காணி வழக்குக்கு அலைகிறவர், மீன்பிடி அனுமதிக்கு வரிசையில் நிற்கிறவர், நம் இராமேசுவரம் விசைப்படகுகள் தன் வலையை அறுத்துவிட்டுப் போவதாகத் திட்டுகிறவர், இவர்களெல்லாம் நம் பிரதிகளுக்குள் வரமாட்டார்கள். வந்தால் நம் துக்கத்தின் தனிமை கெட்டுவிடும். விருந்தாளிக்கு ஓய்வுக்காக ஆளில்லாத கரை வேண்டும். நமக்கு உணர்ச்சிவசப்பட ஆளில்லாத கரை வேண்டும். இரண்டுக்கும் காலியான இடம் ஒன்றுதான்.

இதை எழுதும்போது என்னையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தக் கூரையற்ற வீடுகளை நானும் படம் பிடித்தேன். எந்த வீடு யாருடையது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. முள்கம்பியைப் பற்றி எச்சரித்த சைக்கிள்காரரிடம் அவர் ஊர் எது என்று கேட்டிருக்கலாம். அவர் முப்பது வருசம் எங்கே இருந்தார், எப்போது திரும்பினார் என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் நன்றி சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். ஆளை விட்டுவிட்டு நிலக்காட்சிக்குத் திரும்புகிற அந்த ஒரு கணத்தில் நான் காலண்டர் அச்சடித்துக்கொண்டிருந்தேன்.

6

ஊருக்கு வந்த அடுத்த வாரம் டீக்கடையில் அக்காவிடம் படங்களைக் காட்டினேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதிர்பார்த்ததே அசிங்கம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் அழவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். கப்பல் படத்தில் கொஞ்சம் நின்றார்.

"ஒரு ராவுக்கு எவ்வளவு எடுத்தவங்கள்?"

சொன்னேன்.

"அது எங்கட ஆக்களின்ர இடமே, இல்ல ஆமிக்காரன்ரயே?"

எனக்குத் தெரிந்தவரை ஊர்க்காரர்கள் நடத்துவது, காணியும் அவர்களுடையதுதான் என்றேன். "அப்ப பரவாயில்ல" என்றார். நான் இத்தனை பக்கத்தில் சொல்ல முயன்ற பாகுபாட்டை அவர் இரண்டு கேள்வியில் முடித்துவிட்டார். காசு எவ்வளவு, நிலம் யாருடையது. விமர்சகன் ஒரு விடுதியைப் பார்த்துக் கேட்க வேண்டிய முதல் கேள்விகளும் இவைதான். கடலின் நிறத்தைப் பற்றி அதற்கப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

கூரையற்ற வீடுகளின் படம் வந்தது. அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நகர்த்தினார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்கட வளவு இதில இல்லைத் தம்பி. முன்னுக்கு ரெண்டு பூவரசு நிண்டது, இப்ப நிக்குதோ தெரியாது. ஆனா கிணறு இருக்கும். கல்லுக் கட்டின கிணறு, அதை ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகேலாது. நீங்கள் எல்லாப் படத்திலயும் கடலைத்தான் பிடிச்சிருக்கிறியள். அடுத்தமுறை போனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு பிடியுங்கோ. ஊர் அந்தப் பக்கம்தான் கிடக்கு."

டீக்குக் காசு அவரே கொடுத்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். இன்னொரு தரம் கப்பல் ஏறுவதற்குள், அவர் சொன்ன வழியைக் கேட்டு ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். கோயில் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, எந்த ஒழுங்கையில் திரும்ப வேண்டும், கிணறு எத்தனையாவது வளவில்.